எடுப்பதற்கு ஒன்றுமில்லையா?

கமெரா பழுதுபடவில்லை, கண்பார்வையும் மங்கவில்லை. வானம் வெளுத்துக் கிடக்கின்றது; வெயிலும் நல்ல வெயில். கமெராவுங் கையுமாய் வீதியில் இறங்கி ஒரு மணி நேரம் நடக்கின்றோம். கோயில், குளம், பனந்தோப்பு, சந்தை யாவுங் கண்ணிற் படுகின்றன. ஆயினும் ஒன்றையேனும் எடுக்க மனம் எழவில்லை. வலிந்து எடுத்தாலும், வீடு திரும்பி அதனைப் பார்க்குங்கால் வெட்கமே மிஞ்சுகின்றது. இவ்வாறு வாரங்கள் மாதங்களாகின்றன. படம்பிடிக்குங் கலையிற் சிறிதேனும் உழைத்தவர்கள் இந்நிலையை நன்கறிவர்.

கவிஞருக்குச் சொல் வராது நிற்பதும், சித்திரக்காரருக்குத் தூரிகை ஓடாது நிற்பதும் உலகறிந்த செய்திகள். படம்பிடிப்போருக்கும் இத்தகைய வறட்சி உண்டென்றால் மட்டும் பலர் நகைப்பர். "பொத்தானை அமுக்கினாற் படம் விழுகின்றது, இதிலே வறட்சி எங்கிருந்து வந்தது?" என்பர். உண்மையில் இவ்வறட்சி மற்றையோருடையதினும் சற்று வேறானது. கவிஞர் இல்லாத ஒன்றை மனத்திலிருந்து ஆக்குகின்றார்; ஆக்க இயலாதபோது தம் மனத்தையே நொந்துகொள்கின்றார். படம்பிடிப்பவரோ கண்முன் உள்ளதையே எடுக்க வேண்டியவர். ஆதலின் எடுக்க இயலாதபோது அவர் தம்மை நொந்துகொள்வதில்லை, ஊரை நொந்துகொள்கின்றார்.

சென்ற தவணையின் இறுதியில் எமது கல்லூரிப் புகைப்படக் கழகத்தைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். கனடாவிலிருந்து அவருடைய மாமா அனுப்பிய நல்லதொரு கமெரா அவர் தோளிலே தொங்கியது. "சேர், எதை எடுத்தாலும் ஏற்கெனவே ஆரோ எடுத்த படம் மாதிரியே கிடக்குது. இந்த ஊரிலை எடுக்கிறதுக்கு இனி ஒண்டும் இல்லை," என்றார். கழகத்திலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டினார். அவர் எடுத்தவற்றைக் காட்டும்படி கேட்டோம். நல்லூர்த் தேர், இரு பனைகளுக்கிடையே அஸ்தமிக்கும் ஞாயிறு, நயினாதீவுக்குச் செல்லும் வள்ளம், பொது நூலகத்தின் வெண்ணிறக் கட்டடம் ஆகியன வரிசையாக வந்தன. துப்புரவான படங்கள், குற்றஞ் சொல்ல ஏதுமில்லை. ஆனால் மாணவர் சொன்னது மெய்யே. அவை யாவும் முன்னரே யாரோ எடுத்தவைதாம்.

'முயற்சி செய், தம்பி' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆசிரியத் தொழிலில் எளிதாக வாயில் வரும் வசனம் அது. ஆயினும் அதே நோயிற் பதினான்கு மாதங்கள் கிடந்தெழுந்த எமக்கு அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

நாம் கமெராவைக் கையிலெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது எமக்கு வயது பதின்மூன்று. தந்தையார் தமது சைக்கிளில் அரிசியையுங் காணி உறுதிகளையுங் கட்டினார். படத்தொகுப்பு அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது. இரண்டொரு கிழமையிலே திரும்பிவிடலாம் என்பதே எல்லோருடைய எண்ணமும். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரையின் ஓடுகள் பல இல்லை. மழைநீர் அலுமாரியுட் புகுந்திருந்தது. மழை விட்டதைக் கறையான் தின்றிருந்தது. 2001இல் தந்தையார் காலமானார். சுவரிலே மாட்டுவதற்கு அவருடைய தேசிய அடையாள அட்டையில் இருந்த படமொன்றே எஞ்சியது. ஸ்ரூடியோக்காரர் அதனைப் பெருப்பித்துக் கொடுத்தார். முத்திரையின் வளைவு ஒன்று வலது தோளின்மேல் இன்றும் மங்கலாகத் தெரிகின்றது. எமது பகுதியில் இவ்வாறான படங்கள் தொங்கும் வீடுகள் ஒன்றிரண்டல்ல.

ஆகவே உத்தியோகமாகிக் கையிற் சிறிது பணஞ் சேர்ந்ததும், 2010ஆம் ஆண்டு, கமெரா ஒன்றை வாங்கினோம். அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அது எமது தோளைவிட்டு இறங்கியதில்லை எனலாம். திருவிழா, சூறாவளி, வயல் விதைப்பு, மீன்சந்தை என ஆயிரக்கணக்கில் எடுத்தோம். போட்டிகளிற் சில பரிசுகளும் வந்தன. பின்னர் 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், எவ்வித முன்னறிவிப்புமின்றி, யாவும் நின்றுபோயின.

அந்நாளில் நாம் செய்த வைத்தியங்களைச் சொன்னால் வாசகர்கள் சிரிப்பர். முதலில் புதிய வில்லை ஒன்று வாங்கினோம். அரை ஆண்டுச் சேமிப்பு அதிலே கரைந்தது. அந்த வில்லை மூன்று நாள் மகிழ்ச்சி தந்தது. அதன்பின் பயணம். மன்னாருக்குப் போனோம், கோணேசர் மலைக்குப் போனோம், மலைநாட்டுக்கும் போனோம். எங்கு சென்றாலும் எமக்கு முன்னரே அங்கு நூறு கமெராக்கள் நின்றிருந்தன. பின்னர் பிறர் எடுத்த சிறந்த படங்களை இரவிரவாகப் பார்த்தோம். இது எல்லாவற்றிலும் பொல்லாத மருந்து. பசித்தவன் பிறர் விருந்துண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்றது. இறுதியிற் கமெராவைத் துணியிற் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டோம்.

அக்காலத்தில் எமக்கு உதவியாயிருந்தவை, புகழ்பெற்ற படம்பிடிப்பாளர் சிலரின் வாழ்க்கை வரலாறுகளே. எனினும் ஊக்கந்தரும் கதைகளுக்கு முன் ஓர் எச்சரிக்கை. எல்லா ஓய்வும் மனத்தின் வறட்சியன்று. இதற்கு எமது நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஜூலியா மார்கரெட் கமெரன் என்னும் ஆங்கில மாது 1863ஆம் ஆண்டு, தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாக அளித்த கமெராவினாற் படம்பிடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளிற் பெரும் புகழ் எய்தினார். 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்தார். அவர்கள் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கப்பலிற் பசுவொன்றையும், இறந்தால் வேண்டுமேயென்று பிரேதப் பெட்டிகளையுங் கொண்டுவந்தனர் என்பர்! களுத்துறையில் வாழ்ந்து, 1879இல் இம்மண்ணிலேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

அவருடைய கலையுள்ளம் வற்றிப்போயிற்று என்று முடிவுகட்டிவிடலாமா? அக்காலத்துப் படமுறையை அறிந்தோர் அவ்வாறு கூறத் தயங்குவர். கண்ணாடித் தகட்டில் மருந்துக் கரைசலை ஊற்றி, அது காயுமுன்னரே கமெராவில் இட்டுப் படமெடுத்து, உடனேயே இருட்டறையிற் கழுவவும் வேண்டும். எல்லாஞ் சில நிமிட வேலை. வெக்கையிலே தகடு விரைந்து காயும். கழுவுவதற்குத் தூய நீர் ஏராளம் வேண்டும். இரசாயனங்களோ கடல் கடந்து வரவேண்டும். அவ்வாறிருந்தும், 1877இல் அவர் வீட்டிற்கு வந்த சித்திரக்காரி மரியான் நோர்த் அம்மையாரைப் படமெடுக்காமல் அவர் விடவில்லை. எனவே கை ஓய்ந்திருக்குங்கால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, உடம்பும் நித்திரையும் பொழுதும் பொருளும் செவ்வனே உள்ளனவா என்பதே. பரீட்சை நெருங்கிய மாணவருக்குப் படம் எடுக்கத் தோன்றாவிட்டால் அதனை நோயென்று சொல்லுதல் தகாது.

உள்ளம் நின்றுபோனவரின் கதை வேறு. எம்மைப் பெரிதும் உலுக்கியது அந்திரே கெர்தேஷ் என்பாரின் கதை. 1894இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர். 1925இற் பாரிஸ் சென்று, கையடக்கக் கமெராவினால் வீதிகளின் வாழ்வைப் படமாக்கிப் பெயர் பெற்றார். 1936இல் மனைவி எலிசபெத்துடன் நியூயோர்க் சென்றார். சிறிது காலந் தங்கித் திரும்புவதே அவர் எண்ணம். போர் மூண்டது; திரும்ப இயலவில்லை. ஹங்கேரியர் என்ற காரணத்தால் எதிரிநாட்டவர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார். வீதியில் நின்று படமெடுப்பதும் தடையாயிற்று. வீதியே கலைக்கூடமாக வாழ்ந்த ஒருவருக்கு இதைவிட வேறு தண்டனை உண்டோ? பின்னர் நெடுங்காலம் வீட்டு அலங்காரச் சஞ்சிகை ஒன்றுக்காகச் செல்வர் இல்லங்களின் கதிரை மேசைகளைப் படம்பிடித்து வயிறு வளர்த்தார். உலகம் அவரை ஏறத்தாழ மறந்தே விட்டது.

1952ஆம் ஆண்டு தம்பதியர் வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கிய மாடிவீடு ஒன்றின் பன்னிரண்டாந் தளத்திற் குடியேறினர். அங்கிருந்து தொலைவில்லையினூடாகக் கீழேயுள்ள பூங்காவை எடுக்கத் தொடங்கினார். பனி மூடிய பூங்காவில் மரங்களின் கரிய கிளைகளும், வேலியின் வளைவும், தனியே செல்லும் மனித உருவமுமாய் 1954இல் அவர் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகின்றது. பின்னாளில் உலகப் புகழும் மீண்டு வந்தது. ஆனால் 1977இல் எலிசபெத் இறந்தார். கெர்தேஷுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தனிமையில் அந்த மாடிவீட்டிலே முடங்கினார்.

அந்நாளில் ஒரு கடையின் கண்ணாடிச் சாளரத்துக்குள் சிறியதொரு கண்ணாடிச் சிலையைக் கண்டார். முகமற்ற தலையும் கழுத்துந் தோளும் மட்டுமே உடையது. அக்கழுத்தின் சாய்வு மனைவியின் சாய்வாக அவருக்குத் தோன்றிற்று. அதனை வாங்கிவந்து சாளரத்தின் ஓரத்தில் வைத்தார். எடுத்த சில நிமிடங்களிற் படம் தானே தோன்றும் போலரொயிட் கமெராவினால் அதனை எடுத்தார். காலையில் எடுத்தார், அந்தியில் எடுத்தார், மழை நாளில் எடுத்தார், வெளியே தெரியும் மாடங்கள் அச்சிலைக்குள் தலைகீழாய் வளைந்து தெரிய எடுத்தார். உள்ளங்கையளவான சதுரப் படங்கள். இரும்புக் கட்டில் போன்ற மனத்துயரை அவை அகற்றிவிட்டன என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அவர் மீண்டும் நாள்தோறும் உழைத்தார். அப்படங்கள் 1981இல் 'என் சாளரத்திலிருந்து' என்னும் பொருள்படும் பெயருடன் நூலாக வெளிவந்தன. மனைவிக்கே அதனைக் காணிக்கையாக்கினார். 1985இல் மறைந்தார்.

எம்மைச் சிந்திக்க வைத்தது அவருடைய முதுமையோ துயரமோ அன்று. அந்தச் சாளரத்தின் அகலமே. முழங்கையளவு இடம்! பிராக் நகரத்து யோசெப் சுடெக் என்பவரும் இவ்வாறே. முதலாம் உலகப் போரில் வலக்கரத்தை இழந்தவர். நாசிகளின் ஆட்சியில் வெளியே சென்று படமெடுத்தல் ஆபத்தாயிருந்த 1940ஆம் ஆண்டு முதல், தமது மரக்கொட்டில் போன்ற கலைக்கூடத்தின் சாளரத்தையே எடுக்கத் தொடங்கி, 1954 வரை எடுத்தார். கண்ணாடியிற் படிந்த ஈரம், வெளியே முறுகி நிற்கும் மரம், விளிம்பில் ஒரு குவளை. இவ்வளவே. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சாளரத்தை அவர் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலிபோர்ணியாவில் எட்வேர்ட் வெஸ்ரன் 1930இல் ஒரு கறிமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதன் பெயரிலே முப்பது என்ற இலக்கம் ஒட்டியிருக்கின்றது. முதற் படத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் அது சமையலுக்கான மிளகாயாகவே முடிந்திருக்கும்.

வறண்டவர்கள் வேறு ஊர் தேடுகின்றார்கள். மீண்டவர்களோ முன்னிருந்ததினும் சிறிய இடத்துக்குள் அடைபட்டிருக்கின்றார்கள். இதனை உணர்ந்த அன்று நாம் அலுமாரியைத் திறந்தோம். ஆயிரக்கணக்கான படங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். வீட்டிற் படமொன்றும் இல்லையே என்ற ஏக்கத்தாற் கமெரா வாங்கிய நாம், அந்த வீட்டை ஒருமுறையேனும் எடுத்திருக்கவில்லை! தாயாரின் படம் இரண்டே இரண்டு. இரண்டும் பிறருடைய கலியாண வீடுகளிற் கூட்டத்தோடு நிற்பவை.

இதிலே தாயாருக்கும் பங்குண்டு. கமெராவைத் திருப்பினாற் சேலைத் தலைப்பால் முகத்தை மறைப்பார். "அப்பாவின்ரை நல்ல படம் ஒண்டு இல்லாத வீட்டிலை என்ரை படம் என்னத்துக்கு, தம்பி?" என்பார். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. எனவே அவரை விட்டுவிட்டோம். கிணற்றடியைத் தெரிந்துகொண்டோம்.

விதிகள் சில வகுத்தோம். புதிய வில்லை வேண்டாம். கமெராவுடன் வந்த பழைய வில்லை ஒன்றே. நின்ற இடத்தைவிட்டு ஐந்தடிக்கு மேல் நகர்தல் ஆகாது. ஒரு நாளைக்கு மூன்றே படங்கள். எடுத்தவற்றை ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்தல் கூடாது. இவற்றுள் இறுதி விதியே கடினமானது, பயனுள்ளதும் அதுவே. எடுத்தவுடன் பார்ப்பவர் பாராட்டையோ பழியையோ அவ்விடத்திலேயே பெற்றுவிடுகின்றார்; அதன்பின் கண் ஓய்வெடுத்துக்கொள்கின்றது. பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களுக்கே இடமிருந்த நாட்களில் இக்கட்டுப்பாடு தானாகவே இருந்தது. இன்று அதனை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

முதல் இரு கிழமைகளும் பயனற்றவை. கிணற்றடி கிணற்றடியாகவே இருந்தது. மூன்றாங் கிழமையளவில், காலை ஏழு மணிக்கும் ஏழரைக்குமிடையே முருங்கையினூடாக வரும் வெயில், உடுப்புத் தோய்க்கும் கல்லின் தேய்ந்த பக்கத்தை மட்டுந் தொட்டுச் செல்வதைக் கண்டோம். கல்லின் நடுவே ஒரு குழிவு இருந்தது. முப்பது ஆண்டுகளாக அதனருகே குளித்திருக்கின்றோம், அக்குழிவைக் கண்டதில்லை. பின்னர் கப்பியின் துரு, வாளியின் நெளிவு, ஈரத்தில் ஒட்டிய முருங்கையிலை என ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இவை யாவுஞ் சிறந்த படங்களாயின என்று கூற வரவில்லை. எழுபதுக்கு மேல் எடுத்ததில் நான்கோ ஐந்தோ தேறின. ஆயினும் காலையில் எழுந்ததும் வெயிலின் நிலையைப் பார்க்கும் பழக்கம் மீண்டது.

அந்த நான்கைந்தையும் அச்சிட்டுக் குசினி மேசையில் வைத்திருந்தோம். தாயார் கண்ணாடியை அணிந்துகொண்டு கல்லின் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கல்லிலை இருந்துதான் அப்பா சேவ் எடுக்கிறவர். கண்ணாடியை அந்தக் கப்பித் தூணிலை கொளுவி வைப்பார்," என்றார். எமக்கு அது நினைவிருக்கவில்லை. தூணிலே ஆணி இன்றும் உண்டு. அதுவும் படத்தில் விழுந்திருந்தது.

மறுநாட் காலை நாம் வழக்கம்போல் நின்ற வேளையில், தாயார் அரிசிச் சட்டியுடன் வந்து அக்கல்லருகே குந்தி அரிசி களைந்தார். கமெராவைப் பார்க்கவில்லை, முகத்தை மறைக்கவும் இல்லை. மூன்றே படங்கள் என்ற விதியை அன்றும் மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் காட்டியபோது, "இந்தப் பழஞ்சீலையோடை எடுத்துப்போட்டாயே!" என்று கடிந்துகொண்டார். நல்ல சேலையுடன் இன்னொன்று எடுக்கும்படி பணித்தார். அதுவும் எடுத்தோம். பெட்டியில் மடித்து வைத்த கூறைச்சேலையின் மணம் வரும்போலத் தோன்றும் படம் அது. அவருக்கு மிகவும் பிடித்தது. சுவரிலே தந்தையாரின் அருகில் அதுவே தொங்குகின்றது. எமது மேசையில் இருப்பது மற்றையது.

இக்கதை முழுவதையும் மாணவருக்குச் சொல்லவில்லை. அவருடைய தந்தையார் சந்தியிலே சைக்கிள் திருத்துங் கடை வைத்திருப்பவர் என்பது எமக்குத் தெரியும். "தம்பி, விலகுவதை அடுத்த தவணை பார்ப்போம். அதுவரை அப்பாவின் கடையைவிட்டு வெளியே போகாதையும், ஒரு நாளைக்கு மூன்று படம்," என்றோம். அவர் முகத்திலே பெருமகிழ்ச்சி ஒன்றுந் தென்படவில்லை.

பத்து நாட் கழித்து வந்தார். "சேர், அப்பா தலையை நிமிர்த்திறாரே இல்லை. எந்த நேரமும் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்," என்று முறையிட்டார். படங்களைப் பார்த்தோம். கடை இருண்டது, அரைவாசிப் படங்கள் அசைந்திருந்தன. ஒன்றில் மட்டும், சில்லைச் சுழற்றி விட்டுக் கோணல் பார்க்கும் ஒரு கை. சில்லின் கம்பிகள் புகைபோலக் கலைந்து நிற்க, அக்கையின் பெருவிரல் நகத்தில் உறைந்த கறுப்பு எண்ணெய் தெளிவாக விழுந்திருந்தது. நிமிரச் சொல்லிக் கேட்கவேண்டாம் என்றோம். கதவோரத்திலிருந்து வரும் வெளிச்சம் எத்தனை மணிக்குப் பட்டடைமேல் விழுகின்றது என்று குறித்துவரச் சொன்னோம்.

காலை எட்டே காலுக்கு என்று மறுநாள் வந்து சொன்னார். அவ்வேளை பாடசாலை தொடங்கிவிடுவதால் சனி, ஞாயிறுகளில் மட்டுமே எடுக்க முடிகின்றதென்பது அவருடைய இப்போதைய குறை.